மருந்துக்குப் பின் வருவது

நோயாளியின் கதைக்கு இரண்டே முடிவுகள்தாம் உண்டென்று வைத்திய சாஸ்திரம் வெகுகாலம் கருதி வந்தது. ஒன்று, அவன் குணமடைந்து வீடு திரும்புவான், மற்றொன்று, திரும்பமாட்டான். உயிர் தங்கியும் கை வழங்காமலோ, கால் எழாமலோ, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே அற்றோ கிடக்கிறவன் இவ்விரண்டில் எதிலும் அடங்காதவன். ஆகையால் அவனைப் பற்றிய குறிப்பு மருத்துவமனை ஏட்டில் ஒரு வரியோடு நின்றுபோக, அவனுடைய மிச்ச வாழ்வு வீட்டுப் பின்கட்டிலோ, சத்திரத்துத் திண்ணையிலோ, கோயில் வாசலிலோ கழிந்தது. அப்படிப்பட்டவனுக்கு வைத்தியர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதே பொது அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை மாற்றிய துறையே புனர்வாழ்வு வைத்தியம். இந்தியாவில் அது முதன்முதலாக வேரூன்றிய இடம் பழைய வட ஆற்காட்டு ஜில்லாவின் தலைநகரான வேலூர்; வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர் உளியும் ரம்பமும் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகே கத்தி பிடித்தவர்; மற்றொருவர் எழுந்து நிற்கவே இயலாதவர்.

மேனாடுகளில் இத்துறை யுத்தத்தில் பிறந்தது. நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த லுட்விக் குட்மன் என்னும் யூத வைத்தியர், 1944-ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் முதுகுத் தண்டில் காயம்பட்ட போர்வீரர்களின் பொறுப்பை ஏற்றபோது, அத்தகையோர் பெரும்பாலும் நெடுநாள் தங்கமாட்டார்கள் என்பதே வைத்தியர்களின் தீர்மானமாயிருந்தது. அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பு அன்று. அசையாமல் கிடப்பதால் உண்டாகும் படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப்பை வழியே புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் கிருமிகளுமே. இரவென்றும் பகலென்றும் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்று அவர் உத்தரவிட்டார். அகால வேளையில் தாமே வார்டுக்கு வந்து அது நடக்கிறதா என்றும் பார்த்தார். பிழைத்தவர்களை அவர் சும்மா இருக்கவிடவில்லை. 1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே நாளில், 16 பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அம்பெய்யும் போட்டி ஒன்று நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களின் ஆதி அதுதான். அமெரிக்காவிலோ, ஹோவர்டு ரஸ்க் என்பவர் விமானப் படை மருத்துவமனையில் மல்லாந்து கிடந்து கூரையை வெறித்துக்கொண்டிருந்த சிப்பாய்களைக் கண்டு, அந்தக் கூரையிலிருந்தே பகைநாட்டு விமானங்களின் மாதிரிகளைத் தொங்கவிட்டு, படுத்தபடியே அவர்கள் பாடம் படிக்கச் செய்தார். இந்த ரஸ்க் பின்னர் நம் கதைக்குள்ளும் வருவார்.

வேலூரின் தொடக்கம் யுத்தத்தினால் அன்று, தொழுநோயினால். சேலத்தை அடுத்த கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலப் பாதிரிமார் குடும்பத்தில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், தம் தந்தையைப் போலவே மலைநாட்டில் வீடு கட்டிக்கொடுத்து ஊழியம் செய்யும் எண்ணத்தோடு, இங்கிலாந்தில் சில வருஷங்கள் கொத்து வேலையும் தச்சு வேலையும் முறையாகப் பயின்றவர். வைத்தியத்துக்கு அவர் திரும்பியது அதற்குப் பிறகுதான். அந்த வருஷங்கள் வீணாயின என்று அவரே ஒரு காலத்தில் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அவருடைய பிற்கால வைத்தியத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு, ஒவ்வொரு யுக்தியிலும் தச்சனுடைய கண் தெரியாமல் போகாது. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கி வளர்த்த வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அவர் 1946-இல் அறுவை வைத்தியராக வந்து சேர்ந்தார்.

மறு வருஷம் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலுள்ள லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆரோக்கிய நிலையத்தைப் பார்க்கப் போனார். அதன் தலைவரான ராபர்ட் காக்ரேன் சரும நோயில் நிபுணர். தொழுநோய்க்குச் சல்போன் மருந்தைப் பிரயோகிப்பதில் இந்நாட்டில் முன்னோடியாக விளங்கியவர். அந்த மருந்து கிருமியை அடக்கியது. ஆனால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன கைகளை அது நிமிர்த்தவில்லை. தேகத்திலிருந்து நோய் போய்விட்டது என்று வைத்தியர் சான்று கொடுத்தாலும், கையைப் பார்த்த ஊரார் அந்தச் சான்றைப் படிப்பதில்லை. இவ்வளவு பேருக்கு இத்தகைய கைகள் இருந்தும் எலும்பு வைத்தியர் ஒருவரேனும் ஏன் இவற்றை ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்டார். போதிய விடை கிடைக்கவில்லை. நோயாளி ஒருவருடைய மடங்கிய கைக்குள் தம் கையை நுழைத்து, முடிந்த மட்டும் அழுத்திப் பிடிக்கும்படி சொன்னார். நலிந்த பிடியை எதிர்பார்த்தவருடைய சதையில் அந்த மனிதரின் நகங்கள் பதிந்தன. வலி தாளாமல் கத்தினார். அந்த வலியில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. கையை ஆட்டும் சில தசைகள் செத்திருக்கலாம். முழங்கைக்குக் கீழே உள்ள பெரிய தசைகள் உயிரோடிருக்கின்றன என்பது தெரிந்துவிட்டது.

அதன்மேல் அவர் கட்டிய வைத்தியத்தின் சூத்திரம் எளியது. தொழுநோய் நரம்புகளைக் கண்ட இடத்தில் தாக்குவதில்லை. முழங்கை, மணிக்கட்டு போன்ற சில குறிப்பிட்ட இடங்களில்தான் தாக்குகிறது. ஆகவே எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். தப்பிய தசையின் நாணைக் கத்தரித்து, செத்த தசையின் வேலை நடக்க வேண்டிய இடத்துக்கு இழுத்துத் தைத்துவிட்டால், கிணற்று ராட்டினத்தின் கயிற்றை வேறு வாளிக்கு மாற்றிக் கட்டினாற்போல, பழைய பலம் புதிய காரியத்துக்கு உதவும். ஆனால் அறுவை அரை வேலைதான். மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றியிருப்பார்கள். சில வாரங்கள் கழித்து மாவுக் கட்டைப் பிரித்ததும், பயிற்சி தருபவர் எதிரே அமர்ந்து, கட்டைவிரலை நீட்டு என்று சொல்லமாட்டார். மோதிர விரலை மடக்கு என்பார். நோயாளி மடக்க முயல்வார். மோதிர விரல் அசையாமலிருக்க, கட்டைவிரல் எழுந்து உள்ளங்கையின் குறுக்கே வரும். தம் கையே தம்மை ஏமாற்றுவதைப் பார்த்து அவர் திகைப்பார். இப்படி நாள்தோறும் பழகிப் பழகி, மூளை ஒருநாள் அந்தப் புதிய வழியைத் தன் வழியாக ஏற்றுக்கொள்ளும். தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனைகள் உள்ளே சேர்க்கவே தயங்கிய காலத்தில் இது நடந்தது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

கைகள் நிமிர்ந்த பிறகு ஒரு விபரீதம் நேர்ந்தது. அறுவை செய்துகொண்டு போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, இவை பிச்சை எடுக்க உதவாத கைகள் என்று குறைப்பட்டார். மடங்கிய கையை நீட்டினால் காசு விழும். நிமிர்ந்த கைக்கு விழாது. நோய்த்தழும்பு முகத்தில் இருப்பதால் வேலையும் கிடைக்காது. வைத்தியம் அவருடைய தொழிலைக் கெடுத்துவிட்டது! இதைக் கேட்டுச் சிரிக்கவோ, நன்றிகெட்டவன் என்று கோபிக்கவோ எவரும் துணியலாம். பிராண்ட் அதை வைத்தியத்தின் பிழையாகவே எடுத்துக்கொண்டார். 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே சில குடிசைகளை எழுப்பி, நவஜீவ நிலயம் என்ற பெயரில், கை திருந்திய இளைஞர்களுக்குத் தச்சு வேலை கற்பிக்கும் பட்டறையைத் தொடங்கினார். மர விளையாட்டுச் சாமான்கள் செய்யும் அந்தப் பட்டறையில் ஆசானும் பெரும்பாலும் அவரே. என் அபிப்பிராயத்தில், வேலூரின் புனர்வாழ்வு வைத்தியம் பிறந்தது அறுவை அறையில் அன்று, இந்தக் குடிசைகளில்தான்.

ஏனெனில் அங்கேதான் அடுத்த புதிர் அவிழ்ந்தது. விரல் குறைந்துகொண்டே போவது தொழுநோயின் இயல்பு, சதை அழுகி உதிர்கிறது என்பது பாமரர் முதல் பண்டிதர் வரை எல்லாரும் நம்பிய விஷயம். ஒருநாள் பட்டறைச் சாமான்கள் வைத்த அறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்ட் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை ஒரே திருகில் திருப்பிவிட்டான். பலவீனமான கை எனக் கருதப்பட்ட அந்தக் கையை வாங்கிப் பார்த்தால், சாவி சதையைக் கிழித்து எலும்பு வரைக்கும் போயிருந்தது, ரத்தம் சொட்டியது, சிறுவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு பையனுடைய கையும் காலும் தினந்தோறும் பரிசோதிக்கப்பட்டன. ஒவ்வொரு கொப்புளத்துக்கும் கீறலுக்கும் காரணம் துப்பறியப்பட்டது. சுடச்சுடக் காபி ஊற்றிய பித்தளை டம்ளர், சுத்தியின் பிடியிலிருந்த சிலாம்பு, எரிகிற விளக்கு, இப்படி ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு குற்றவாளி அகப்பட்டது. ஒரே ஒரு வகைதான் பிடிபடவில்லை. இரவு படுக்கும்போது முழுதாயிருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. இரவில் விழித்திருந்து காவல் பார்த்ததில், எலி வந்து உறங்குகிறவனின் விரலைக் கொறிப்பதும், வலி தெரியாததால் அவன் கையை இழுத்துக்கொள்ளாததும் தெரியவந்தன. அதற்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடையாது. ஆளுக்கொரு பூனை கொடுக்கப்பட்டது.

பூனை வளர்ப்பதை வைத்திய முறை என்று எந்தச் சாஸ்திரமும் ஒப்பாது. ஆயினும் அழுகல் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டதை வெறும் விபத்து என்று நிரூபித்ததும், விபத்தானால் தடுக்கலாம் என்ற நம்பிக்கையைப் பிறப்பித்ததும் அந்தக் காவல்தான். கருவிகளின் பிடிகள் பருமனாக்கப்பட்டன. வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்த்துக்கொள்வது விதியாயிற்று. வலி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்யவேண்டும்.

கால் விஷயம் இன்னும் கடினம். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுவதால் உண்டாகும் புண், நடந்துகொண்டே இருந்தால் ஆறாது. நடக்காதே என்று கூலிக்காரனிடம் சொன்னால் அவன் பட்டினி கிடக்கவேண்டும். இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை வைத்தியர், புண்ணுள்ள காலுக்கு மாவுக் கட்டுப் போட்டு, அழுத்தம் பாதம் முழுவதும் பரவும்படி செய்து, நோயாளியை நடக்கவிட்டே புண்ணை ஆற்றும் முறையைக் கையாண்டிருந்தார்; பிராண்ட் பின்னாளில் இம்முறையை அமெரிக்காவில் பரப்பினார். நீரிழிவினால் பாதப் புண் கண்ட எண்ணற்றோர்க்கு இன்றும் அது பயன்படுகிறது. ஆறிய புண் மறுபடி வராதிருக்கத் தகுந்த பாதரட்சை வேண்டுமே! அதற்காக வேலூரிலும், 1955-இல் ஏற்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் ரப்பரோடு நடத்திய போராட்டம் தனிச் சரித்திரம். மிருதுவாயிருந்தால் சில வாரங்களில் நசுங்கிப்போகும். கெட்டியாயிருந்தால் காலைக் கடிக்கும். கடைசியில் நுண்ணறைகள் நிறைந்த பஞ்சுபோன்ற ரப்பர் ஒன்று கைவந்தது, எம்.சி.ஆர். செருப்பு என்று தொழுநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இன்றும் வழங்குவது அதுவே. அந்தச் செருப்பின் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் உண்டு. ஆணி அடிப்பதில்லை, ஏனெனில் ஆணி தேய்ந்த அடியிலிருந்து மேலேறினால் அணிந்தவருக்குத் தெரியாது. குதிகாலுக்குப் பின்னே வார் வைப்பார்கள், ஏனெனில் விரல்கள் மடங்கியவர் சாதாரணச் செருப்பை விரலால் பற்றிக்கொள்ள முடியாது.

இவ்வளவும் செய்தும் பலர் அதைப் போட மறுத்தார்கள். கிராமத்தில் அந்தக் கறுத்த பட்டைச் செருப்பைக் கண்டதும் இன்ன நோய்க்காரன் என்று ஊர் அறிந்துகொள்ளும். பாதம் புண்ணாவதைவிடப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போவது பெரிய விபத்து என்று ஒரு தகப்பன் கருதினால் அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. பார்வைக்குக் கடைச் செருப்பு போலவே இருக்கும்படி அமைக்கப் பிற்காலத்தில் முயன்றார்கள். அந்த முயற்சி இன்னும் முடிந்தபாடில்லை.

இந்தச் சூழலில்தான் மேரி வர்கீஸ் வருகிறார். 1925-இல் கொச்சி நாட்டுச் சிரியன் கிறிஸ்துவக் குடும்பம் ஒன்றில் பிறந்து, வேலூரில் வைத்தியம் படித்து, மகளிர் வைத்தியத்தில் சிறக்கவேண்டுமென்ற ஆசையோடு அங்கேயே பணிபுரிந்து வந்தவர். 1954 ஜனவரியில் இளம் வைத்தியர்கள் சிலர் உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயத்தோடும் முதுகுத் தண்டு சிதைந்தும் மீட்கப்பட்ட மேரிக்கு இடுப்புக்குக் கீழ் அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போயின. அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் மனவுறுதியின் அற்புதம் என்று கண்ணீர் மல்க எழுதியிருக்கிறார்கள். அந்த உறுதியை மறுப்பார் யார்? எனினும், அற்புதம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை என்ற சோம்பலும் அதில் உண்டு. அவர் செய்ததை அற்புதமாக அன்றி, வைத்தியமாகவே பார்க்க விரும்புகிறேன்.

பிராண்ட் அவருக்குச் சொன்ன யோசனை, நவஜீவ நிலயத்துத் தச்சுப் பட்டறையின் நேர் வாரிசு. வயிற்று அறுவைக்கு வைத்தியர் நின்றாகவேண்டும். கை அறுவைக்கு அப்படியன்று. நோயாளியின் கையைப் பலகையில் விரித்துவைத்து, வைத்தியரும் உதவியாளரும் இரு பக்கமும் அமர்ந்தபடியேதான் அதைச் செய்வது வழக்கம். அமர்ந்து செய்யும் தொழிலுக்கு அமர்ந்திருப்பவர் குறைந்தவர் அல்லர். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை அறுவையைப் பயின்று, தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார். கால் வழங்காத வைத்தியரும், கை வழங்காத நோயாளியும் எதிரெதிரே அமர்ந்த அந்த அறையில், எல்லாம் விதி என்ற பழைய வார்த்தையை இருவரில் எவரும் சொல்வதற்கு இடமிருந்திராது.

ஆனால் நாற்காலியில் அமர்வது வேறு, நாற்காலியோடு வாழ்வது வேறு. படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுவது, உடுத்துவது, சிறுநீர்ப்பையைப் பேணுவது முதலியவற்றுக்கு முறையான சிட்சை உண்டு என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் தாமே நோயாளியாக இருந்து அறிந்தார். அதன் பிறகு, விமான மாதிரிகளைத் தொங்கவிட்ட ரஸ்க் நியூயார்க்கில் நிறுவியிருந்த புனர்வாழ்வு நிலையத்தில் உபகாரச் சம்பளம் பெற்று அத்துறையைச் சாங்கோபாங்கமாகக் கற்றார். 1960-களின் தொடக்கத்தில் திரும்பி வந்து, வேலூரில் உடலியல் மற்றும் புனர்வாழ்வு வைத்தியத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல், மருத்துவக் கல்லூரி அமைந்த பாகாயத்தில், நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிப் பயிலும் நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது அது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே பாகாயத்தில் நடத்த முடியுமா என்ன? அமெரிக்க நோயாளி நாற்காலியில் அமர்ந்து உண்பவன், மேடை அடுப்பில் சமைப்பவன், வழவழப்பான நடைபாதையில் உருண்டு போகிறவன். இங்கே வருகிறவனோ பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவன், கிணறு வெட்டும்போது மண் சரிந்து அடிபட்டவன், லாரியிலிருந்து தூக்கி எறியப்பட்டவன். அவன் வீட்டு நிலைப்படியைச் சக்கரம் தாண்டாது. தெரு மணலிலோ சேற்றிலோ அது புதையும். அம்மியும் அடுப்பும் உண்ணும் இடமும் தரையில். கொல்லைக்குப் போவது குத்துக்காலிட்டு. ஆகையால் நாற்காலியில் ஏறக் கற்பதோடு, நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கவும் தரையிலிருந்து ஏறவும் கற்கவேண்டியிருந்தது. சாலையில் போக, கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. காசு கொடுத்துத் தாதி வைக்க வழியில்லாதவனுக்கு மனைவியோ தாயோதான் தாதி. எனவே அவளும் உடன் தங்கி, புரட்டிப் படுக்கவைக்கவும், தோலைப் பார்த்துச் சிவப்பைக் கண்டுபிடிக்கவும், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளவும் பயின்றாள். மேனாட்டு மருத்துவமனைகளில் பார்வை நேரம் முடிந்ததும் வெளியேற்றப்படும் உறவினர், இங்கே சிகிச்சையில் பாதியாயினர். இது வறுமை கற்பித்த யுக்திதான். ஆனாலும் அதைவிட நல்ல யுக்தி செல்வம் மிக்க நாடுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலியில் அமர்ந்திருப்பவன் கால் மணிக்கு ஒரு தரமேனும் இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி இறக்கவேண்டும். இல்லாவிடில் உட்காரும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். நடக்கிற வைத்தியர் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிற நோயாளி, பேசிக்கொண்டிருக்கையிலேயே கைகளை ஊன்றி ஒரு கணம் எழும்பி அமரும் வைத்தியரிடம் என்ன சாக்குச் சொல்ல முடியும்?

இதே தரை, இதே சேறு, வடக்கே ஜெய்ப்பூரில் வேறொரு யுக்தியைப் பிறப்பித்தது. காலிழந்தவர்களுக்கு மேனாட்டு முறையில் செய்த பொய்க்கால்களை அவர்கள் கொண்டுபோய் மூலையில் போட்டுவிடுவதை அங்குள்ள அரசாங்க மருத்துவமனையின் எலும்பு வைத்தியர் பி.கே. சேத்தி கவனித்தார். அந்தக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும்; அதனோடு குந்தி உட்கார முடியாது, சம்மணமிட முடியாது, வயலில் இறங்க முடியாது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞரான ராம்சந்திர சர்மா, லாரி டயருக்கு ரப்பர் போடும் கடையைப் பார்த்துவிட்டு, அதே வகை ரப்பரில் வெறுங்காலாகவே நடக்கத்தக்க பாதத்தை வார்த்துத் தந்தார். 1960-களின் இறுதியில் உருவான ஜெய்ப்பூர்க் கால் இப்படிப் பிறந்தது. விபத்தில் கால் இழந்த நர்த்தகி சுதா சந்திரன் மறுபடி மேடையேறி ஆடியது இந்தக் காலோடுதான். 1981-இல் மகசேசே விருது சேத்திக்கு வந்தது. சர்மாவுக்கு அந்தப் புகழில் உரிய பங்கு கிடைத்ததா என்பது வழக்குரைக்கத் தக்க விஷயம். வைத்தியருக்கு யுக்தி சொல்லிக்கொடுத்த தச்சர், கொல்லர், சக்கிலியர் ஆகியோரின் பெயர்களைச் சரித்திரம் எங்குமே சிரத்தையாகக் குறித்து வைக்கவில்லை.

மேரி வர்கீஸ் 1986-இல் காலமானார். பாகாயத்து நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தண்டுவடம் அறுந்தவர் வீடு திரும்புவதோடு வைத்தியம் முடிவதில்லை என்பது அங்கே அனுபவத்தில் தெளிந்த உண்மை. தேறிப்போனதாக எண்ணி அனுப்பப்பட்டவர்கள் சில வருஷங்களில் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகக் கேட்டாலும் இறந்துபோவதை எத்தனை முறைதான் பார்ப்பது? அதனால் பழைய நோயாளிகளைக் குடும்பத்தோடு திரும்ப வரவழைத்துப் புனர்வாழ்வு மேளா என்று ஒன்று கூட்டுகிறார்கள். பந்தயங்களும் பாட்டும் உண்டு. அதற்கிடையே ஒவ்வொருவருடைய சிறுநீரும், முதுகடித் தோலும், நாற்காலியின் மெத்தையும் பரிசோதிக்கப்படுகின்றன. வைத்த கடை ஓடுகிறதா, வண்டியின் அச்சு முறிந்ததை உள்ளூர்ப் பட்டறைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தாரா, பற்றவைத்த இடம் தாங்குகிறதா என்றெல்லாம் விசாரிக்கப்படுகிறது.